திரை யாருக்குச் சொந்தம்?

(நூலக அரங்கு ஒன்றில், கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்களும் பொதுமக்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இரண்டு தரப்பினர் இருக்கிறீர்கள். "எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க சார், ரிமோட்ல வர்றேன்" என்று சொல்பவர்கள் ஒரு தரப்பு. அதைக் கேட்டு நம்பர் சொல்பவர்கள் மறுதரப்பு. இருவருக்கும் சேர்த்துப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தொழில்காரர்களுக்குச் சில இடங்களில் கொட்டாவி வரும், மற்றவர்களுக்குச் சில இடங்களில் தலை சுற்றும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இயங்குதளத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு இயங்குதளத்தின் திரையைத் திறப்பது, திறக்காவிட்டால் என்ன செய்வது, இதுதான் இன்றைய பேச்சு. இரண்டு பக்கமும் விண்டோஸ் என்றால் தகராறு குறைவு. ஆனால் இன்றைக்கு யார் வீட்டில் அப்படி இருக்கிறது? ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு மென்பொருளான டேலி ஓடுவது விண்டோஸில், வீட்டில் கைக்கு எட்டுவது மகள் படிப்புக்கு வாங்கிய மேக்புக். கல்லூரி ஆய்வகம் முழுக்க உபுண்டு, பேராசிரியரின் லேப்டாப்பில் விண்டோஸ். இப்படிக் கலந்து வரும் இடத்தில்தான் "கனெக்ட் ஆகவில்லை" என்ற புகார் குவிகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தகராறுகளில் பெரும்பாலானவை கம்பியில் இல்லை. திரை என்பது என்ன, அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஒவ்வோர் இயங்குதளமும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்கள் மோதுகிற இடத்தில் நமக்குக் கறுப்புத் திரை தெரிகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதால் ரூட்டர்தான் கெடும்.

கொஞ்சம் பழைய கதை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு. டக்ளஸ் எங்கல்பார்ட் மேடையில் உட்கார்ந்து, ஏறத்தாழ 30 மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த கணினியை இயக்கிக் காட்டினார். அங்கிருந்த சகாவும் இவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். கணினித் திரையைத் தொலைக்காட்சிக் கேமராவால் பிடித்து, மைக்ரோவேவ் இணைப்பில் அனுப்பியிருந்தார்கள். மவுஸ் பொதுமேடையில் அறிமுகமானதும் அன்றைக்குத்தான் என்பதால் எல்லோரும் மவுஸையே நினைவில் வைத்திருக்கிறார்கள். தொலைவில் இருக்கும் திரையைப் பங்குபோட்டுக்கொண்டதும் அதே நாள்தான்.

தொலைவிலிருந்து திரையைக் கொண்டுவர அடிப்படையில் இரண்டு வழி. திரையில் தெரிவதைப் படமாகவே அனுப்பலாம். அல்லது அதை வரைவதற்கான கட்டளைகளை மட்டும் அனுப்பி, இந்தப் பக்கத்தில் வரையச் சொல்லலாம். கோலத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவதும், "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலில் நிறுத்து" என்று போனில் சொல்லிப் போடவைப்பதும் எப்படியோ அப்படி. போட்டோ யாருக்கும் புரியும், ஆனால் கனம். வாயால் சொல்வது லேசு, ஆனால் கேட்பவருக்குக் கோலம் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

1984இல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் விண்டோ சிஸ்டம் இரண்டாவது வழி. பல கம்பெனிகளின் கணினிகள் நிறைந்த பல்கலைக்கழகத்தில், எங்கோ ஓடும் நிரல் என் மேசைத் திரையில் வரைய வேண்டும் என்பது அதன் நோக்கம். கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த வி.என்.சி. முதல் வழி. திரையில் எந்தச் செவ்வகம் மாறியதோ அதைப் படமாக அனுப்பும், அவ்வளவுதான். 1998இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிய நால்வரில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர், பல்கலைக்கழகக் காபிப் பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கக் கேமரா வைத்தவர்களிலும் ஒருவர். தூரத்தில் இருப்பதைப் படமாகப் பார்ப்பதில் அவருக்கு ஒரு பிடிப்பு இருந்திருக்கிறது. அதே 1998இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப் புரோட்டோகால் எனும் ஆர்.டி.பி.யைக் கொண்டுவந்தது. சிட்ரிக்ஸ் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற பல்பயனர் தொழில்நுட்பம் அதில் உண்டு. ஒரு பெரிய கணினியில் பலர், ஆளுக்கொரு தனி அமர்வு என்பது அதன் எண்ணம். வரையும் கட்டளைகளில் தொடங்கிய ஆர்.டி.பி. இன்று பல நேரங்களில் வீடியோவைப் போலவே படத்தை அனுப்புகிறது. ஆனால் "ஆளுக்கொரு அமர்வு" என்ற பிறவிக் குணம் போகவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு புகாருக்கு வருவோம்.

யாராவது "கனெக்ட் ஆகவில்லை" என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி: உடனே மறுத்ததா, காத்திருந்து கைவிட்டதா? பலருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்த வித்தியாசம் பாதி வேலையை முடித்துவிடும்.

உங்கள் கணினி அந்தப் பக்கத்துக்கு ஒரு சிறு பாக்கெட் அனுப்புகிறது. ஆர்.டி.பி. என்றால் 3389 என்ற போர்ட், வி.என்.சி. என்றால் 5900. அந்த முகவரியில் கணினி விழித்திருந்து, அந்தப் போர்ட்டில் மட்டும் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்றால், பெரும்பாலும் "இங்கே அப்படி ஒருவரும் இல்லை" என்று பதில் வரும். உடனடி மறுப்பு. இது நல்ல செய்தி. முகவரி சரி, வழி சரி, கணினி விழித்திருக்கிறது. சேவையை மட்டும் இயக்கினால் போதும். மாறாக, நிமிடக் கணக்கில் சுழன்று கைவிட்டது என்றால் பதிலே வரவில்லை. கணினி தூங்குகிறது, முகவரி மாறிவிட்டது, அல்லது நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கிவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறது. இந்த நிலையில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை. பாஸ்வேர்டு கேட்கும் கட்டமே வரவில்லையே!

இங்கே பிங் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸின் ஃபயர்வால் பல அமைப்புகளில் பிங்குக்குப் பதில் சொல்லாது. பிங் தோற்றது என்பதால் கணினி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பிங் வந்தது என்பதால் 3389 திறந்திருக்கிறது என்றும் முடிவு கட்டாதீர்கள். அந்தப் போர்ட்டையே தட்டிப் பார்க்க லினக்ஸிலும் மேக்கிலும் நெட்கேட் இருக்கிறது, விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் இருக்கிறது.

வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டும் வெளியிலிருந்து வரவில்லை என்றால், ரூட்டருக்கு இணைய நிறுவனம் கொடுத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் தொடங்கினால் அந்த முயற்சியை அத்தோடு விட்டுவிடலாம். 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய முகவரிகள் அவை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற பாக்கெட் உங்கள் ரூட்டர் வரைக்கும் வரவே வராது. செல்பேசி இணைப்புகளில் இது சர்வசாதாரணம். உள்ளிருந்தே வெளியே இணைப்பைத் தொடங்கி வைக்கும் வி.பி.என். போன்ற ஏற்பாடு வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங்கை நான் வேறு காரணத்துக்காகவும் வெறுக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த கட்டம், பாஸ்வேர்டு. பதில் வருகிறது, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது, கொடுத்தால் தள்ளிவிடுகிறது.

விண்டோஸ் பக்கத்தில் அடிக்கடி நடப்பது இது. தினமும் நான்கு இலக்கப் பின் போட்டே உள்ளே போய்ப் பழகியவருக்கு உண்மையான பாஸ்வேர்டு மறந்தே போயிருக்கும். பின் என்பது அந்தக் கணினியோடு கட்டிப்போட்டது. வெளியிலிருந்து வருகிறவருக்கு அது செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றாலும் வெளியிலிருந்து நுழைய விண்டோஸ் விடாது. கணினி முன்னால் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருந்தால் பேச்சே இல்லை. அதிலிருந்து வெளியே போகலாம், அதற்குள் ஆர்.டி.பி.யில் வர முடியாது, புரொஃபெஷனல் வேண்டும். புது லேப்டாப் வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகிற பழைய தலைமுறையினர் ஆர்டெஸ்க்டாப் என்ற நிரலில் பழகியவர்கள். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ஒரு புது நடைமுறை வைத்திருக்கிறது. திரையைக் காட்டுவதற்கு முன்பே ஆள் யார் என்று உறுதி செய்துகொள்ளும். கிரெட்எஸ்எஸ்பி என்று அதற்குப் பெயர். ஆர்டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டு போட்டு அதைக் கடக்க முடியாது, "கிரெட்எஸ்எஸ்பி தேவை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். உடனே பலர் விண்டோஸ் பக்கத்தில் அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். வேண்டாம். 2009இல் ஆர்டெஸ்க்டாப்பிலிருந்து பிரிந்து வளர்ந்த ஃப்ரீஆர்டிபிக்கு அது தெரியும். ரெமினாவும் உள்ளே அதைத்தான் பயன்படுத்துகிறது. மாற்ற வேண்டியது நம் பக்கத்து நிரலை. ஒரே ஓர் இடத்தில் இந்த நடைமுறை நம்மைச் சிக்கவைக்கும். பாஸ்வேர்டு காலாவதியாகி, அடுத்த முறை மாற்றியே ஆக வேண்டும் என்று நிர்வாகி போட்டிருந்தால், திரை வராமல் மாற்ற முடியாது, மாற்றாமல் திரை வராது.

இந்த கிரெட்எஸ்எஸ்பி 2018இல் ஒரு பாடம் நடத்தியது. அதில் ஓட்டை இருப்பது தெரிந்து மார்ச் மாதம் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 8 அன்று வந்த அப்டேட், திருத்தம் போடாத சர்வரோடு பேசக் கூடாது என்று கிளையன்ட் பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. மறுநாள் காலையில் உலகம் முழுக்க ரிமோட் டெஸ்க்டாப் நின்றது. சர்வரில் யாரும் எதையும் தொடவில்லை. நெட்வொர்க்கில் எதுவும் மாறவில்லை. நேற்று வரை வேலை செய்தது. "நாங்கள் ஒன்றுமே மாற்றவில்லையே" என்று சர்வர்காரர் சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மை, ஒன்றும் மாற்றாததுதான் கோளாறு. அப்போது இணையத்தில் பரவிய வைத்தியம், கிளையன்ட் பக்கத்து எச்சரிக்கையை ரெஜிஸ்ட்ரியில் அணைப்பது. சர்வரில் அப்டேட் போடுவதுதான் சரியான வைத்தியம். அணைத்ததைத் திரும்பப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டும் விசேஷமாகப் பொருந்துகிற ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். இணையத்தில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வரை அப்படித்தான். அலுவலக டொமைனில் சேர்ந்த கணினி என்றால், அங்கே ஆளைச் சரிபார்க்கும் கெர்பெராஸ் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. பாஸ்வேர்டு சரி, பெயர் சரி, உள்ளே விடாது. திரையின் மூலையில் மணியைப் பாருங்கள் என்று சொன்னால் கேலி செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் தவறாக ஓடும் கடிகாரத்தைப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். லினக்ஸையும் உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லலாம், விண்டோஸையும் பொது நேரத்துக்கு மாற்றலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

மேக்குக்குப் போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. மேக்கின் ஸ்க்ரீன் ஷேரிங் உள்ளுக்குள் வி.என்.சி. குடும்பம்தான், ஆனால் ஆளைச் சரிபார்க்க ஆப்பிள் தன் சொந்த முறைகளை வைத்திருக்கிறது. வெளியாரின் வி.என்.சி. நிரல்கள் பலவற்றுக்கு அவை தெரியாது. அதனால் அமைப்பில், வி.என்.சி. பார்வையாளர்கள் பாஸ்வேர்டோடு வரலாம் என்ற பெட்டியைத் தனியாக டிக் செய்து, தனி பாஸ்வேர்டு வைக்க வேண்டும். அந்தப் பழைய வி.என்.சி. முறையில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துதான் கணக்கு. நீங்கள் இருபது எழுத்துக்கு வைத்தாலும் மீதியை அது பார்க்காது. பாதுகாப்பு என்ற அளவில் அதை நம்பாதீர்கள். மறையாக்கிய எஸ்.எஸ்.எச். சுரங்கத்துக்குள் அனுப்புங்கள்.

இப்போது கறுப்புத் திரை. இதற்காகத்தான் வந்தேன் என்றே சொல்லலாம்.

லாகின் ஆகிவிட்டது. ஜன்னல் திறக்கிறது. உள்ளே கறுப்பு. சில வினாடியில் மூடிக்கொள்கிறது, அல்லது அப்படியே நிற்கிறது. உடனே எல்லோரும் நெட் ஸ்லோ என்கிறார்கள். நெட் ஸ்லோ என்றால் திரை மெதுவாக வரும், துண்டு துண்டாக வரும். முழுக் கறுப்பு என்பது பெரும்பாலும் இயங்குதளம் எடுத்த ஒரு முடிவு.

விண்டோஸின் எண்ணத்தில் திரை என்பது லாகின் செய்த ஆளின் அமர்வு. புரொஃபெஷனல் பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஆடிட்டர் வீட்டிலிருந்து நுழைந்தால், அலுவலகத்தில் அதே கணினியில் உட்கார்ந்து வவுச்சர் போட்டுக்கொண்டிருந்தவரின் திரை பூட்டிக்கொள்ளும். அவர் திரும்ப லாகின் செய்தால் ஆடிட்டர் வெளியே. இருவரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, இரண்டு பேருமே கனெக்ஷன் கட் ஆகிறது என்று புகார் சொல்வார்கள். இது கோளாறே இல்லை, உரிமத்தின் விதி.

மேக்கின் எண்ணம் வேறு. அங்கே வி.என்.சி.யில் நுழைகிறவர், மேசையில் இருக்கும் அதே திரையைத்தான் பார்க்கிறார். விண்டோஸ் பழக்கத்தில், நாம் உள்ளே போனால் அங்கே பூட்டிக்கொள்ளும் என்று நினைத்துச் சம்பளப் பட்டியலைத் திறந்தால் அலுவலகமே சுற்றி நின்று வாசிக்கும்.

உபுண்டு போன்ற லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி என்ற ஆர்.டி.பி. சர்வரை நிறுவினால் மூன்றாவது கதை. அது உங்களுக்குப் புதிதாக ஓர் அமர்வை உருவாக்கிக் கொடுக்கும். மேசையில் நீங்கள் திறந்து வைத்துவிட்டு வந்த ஃபைல்கள் அதில் இருக்காது, வெற்று டெஸ்க்டாப் தெரியும். இதைப் பார்த்து, எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறியவர்கள் உண்டு. அது மட்டும் இல்லை. மேசையில் லாகின் செய்துவிட்டு லாக்அவுட் செய்யாமல் வந்திருந்தால், அதே பெயரில் இரண்டாவது அமர்வைத் தொடங்க உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் சம்மதிப்பதில்லை. ஒரே ஆளுக்கு ஓர் அமர்வு என்று உள்ளே பல சேவைகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. அப்போது வருவதுதான் அந்தப் பெயர்பெற்ற கறுப்புத் திரை. தீர்வு எளிது. வீட்டுக்குக் கிளம்பும்போது லாக்அவுட் செய்துவிட்டு வாருங்கள். முடியாதென்றால் தொலைவிலிருந்து வருவதற்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள், அல்லது எக்ஸ்ஆர்டிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற லேசான டெஸ்க்டாப்பைக் கொடுங்கள்.

லினக்ஸில் அடியிலேயே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய எக்ஸ் முறையில் எந்த நிரலும் மற்ற நிரல்களின் ஜன்னலைப் பார்க்கலாம், அழுத்தும் விசைகளைக் கேட்கலாம். திரை எல்லோருக்கும் பொது. ரிமோட் நிரல்களுக்கு அது வசதி, வேவு பார்க்கும் நிரல்களுக்கும் வசதி. 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் இந்தப் பொதுச்சொத்தை ஒழித்தது. ஒரு நிரலுக்குத் தன் ஜன்னலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. திரை முழுவதும் வேண்டுமென்றால் முறைப்படி கேட்டு, உட்கார்ந்திருப்பவர் அனுமதிக்க வேண்டும். 21.04 பதிப்பிலிருந்து உபுண்டுவில் பொதுவாக வேலண்ட்தான். அதனால் பத்தாண்டாக வேலை செய்த, எக்ஸ் திரையைக் காட்டும் எக்ஸ்11விஎன்சி ஒரு நாள் கறுப்பாகக் காட்டுகிறது. நிரல் கெடவில்லை, அதன் காலடியில் இருந்த தளம் மாறிவிட்டது. லாகின் திரையில் பற்சக்கரச் சின்னத்தை அழுத்திப் பழைய எக்ஸ்ஆர்க் அமர்வு இருந்தால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் காரணம் தெரிந்துவிட்டது.

உபுண்டு 22.04இல் க்னோமே தனக்குள் ஆர்.டி.பி. வைத்துக்கொண்டு வந்தது. அமைப்புகளில் ஒரு பொத்தான், விண்டோஸிலிருந்து நேராக வரலாம். அதிலும் ஒரு சிக்கல். தொலைவுப் பாஸ்வேர்டை அது சாவிக்கொத்து எனப்படும் கீரிங்கில் பூட்டி வைக்கிறது. மேசையில் ஒருவர் பாஸ்வேர்டு போட்டு லாகின் செய்தால்தான் அந்தக் கீரிங் திறக்கும். வசதிக்காகத் தானியங்கி லாகின் வைத்திருந்தால் கீரிங் பூட்டியே கிடக்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள். கரண்ட் போய் வந்து கணினி தானாகத் துவங்கிய நாள்களில் மட்டும் கனெக்ட் ஆகவில்லை என்று ஒரு புகார் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 2024இல் வந்த க்னோம் 46 லாகின் திரைக்கே தொலைவிலிருந்து வரும் வழியைச் சேர்த்தது. உபுண்டு 24.04 வைத்திருப்பவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

மேக்கில் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரியான நிரல்களோடு போனால் கறுப்புக்குப் பதிலாக இன்னொன்று வரும். வால்பேப்பர் அழகாகத் தெரியும், மேலே மெனு தெரியும், ஒரு ஜன்னலும் தெரியாது. "ஒன்றுமே திறக்கவில்லையா?" என்று கேட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பத்து ஜன்னல் திறந்திருக்கிறது என்பார். 2019இல் வந்த கேடலினா என்ற மேக் பதிப்பிலிருந்து, திரையைப் பதிவுசெய்ய ஒவ்வொரு நிரலுக்கும் தனி அனுமதி வேண்டும். மவுஸையும் கீபோர்டையும் இயக்க அக்செஸிபிலிட்டி என்ற இன்னொரு அனுமதி. முதலாவது இல்லையென்றால் வால்பேப்பர் மட்டும். இரண்டாவது இல்லையென்றால் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. இரண்டையும் அங்கே இருப்பவர்தான் போட வேண்டும், தொலைவிலிருந்து போட்டுக்கொள்ள விடுவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகன் திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் போனில் அந்த இரண்டு இடத்தையும் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அது ஒரு மணி நேர வேலை.

விண்டோஸிலும் இதற்கு இணை உண்டு. உதவி செய்துகொண்டிருக்கும்போது "இந்த நிரல் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்ற கட்டம் வந்தால் உதவுபவரின் திரை உறைந்துவிடும். அந்தக் கட்டத்தை விண்டோஸ் தனியான, மற்ற நிரல்கள் எட்ட முடியாத திரையில் காட்டுகிறது. அங்கே இருப்பவர் "ஆம்" அழுத்தினால் திரும்ப உயிர் வரும். ரிமோட் நிரலை நிர்வாகி உரிமையோடு நிறுவியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸுக்கு ஆர்.டி.பி.யில் போய்க் கறுப்பு வந்தால் ஒரு சோதனை. கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் அழுத்துங்கள். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டின் தொலைவு வடிவம் அது. மேக்கில் எண்ட் விசை இல்லை என்றால் எஃப்என்னும் வலது அம்பும் சேர்ந்தது எண்ட். நீலத்திரை விருப்பங்கள் வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது, அங்கே எக்ஸ்ப்ளோரர் துவங்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் போய்த் துவக்கலாம்.

அந்த விருப்பங்களும் வரவில்லை, வி.பி.என். வழியாகப் போகும்போது மட்டும் இப்படி என்றால், இப்போது கம்பியைச் சந்தேகிக்கலாம். லாகின் பேச்சு எல்லாம் சின்னப் பாக்கெட்டுகள். திரைப் படம் பெரிய பாக்கெட்டுகள். ஈதர்நெட்டில் 1500 பைட் வரை போகும். பி.பி.பி.ஓ.இ. இணைப்பில் 1492. வயர்கார்டு வி.பி.என். வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு கருவி, பெரிய பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, போட்டேன் என்று சொல்லாமலும் இருந்தால், லாகின் ஆகும், படம் வராது. வி.பி.என்.னின் பாக்கெட் அளவு வரம்பான எம்.டி.யு.வை 1280க்குக் குறைத்துப் பாருங்கள். திரை வந்துவிட்டால் அதுதான் நோய். திரை வந்து கொஞ்ச நேரத்தில் உறைகிறது என்றால், ஆர்.டி.பி. 2012க்குப் பிறகு டி.சி.பி.யோடு யு.டி.பி.யையும் பயன்படுத்துகிறது என்பதை நினைவில் வையுங்கள். கிளையன்ட் பக்கத்தில் யு.டி.பி.யை அணைத்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

போர்ட் ஃபார்வர்டிங்கைத் திட்டுகிறேன் என்றேனே. 3389ஐ நேராக இணையத்துக்குத் திறந்து வைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். எண்ணை 3390 என்று மாற்றிவிட்டேன் என்பது பதில் இல்லை, தேடுகிற நிரல்கள் எல்லா எண்ணையும் தேடும். 2019 மே மாதம் வெளியான ஆர்.டி.பி.யின் ப்ளூகீப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. லாகினுக்கு முன்பே உள்ளே வந்துவிடலாம். ஐந்து ஆண்டுக்கு முன்பே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் எவ்வளவு பயந்திருப்பார்கள் பாருங்கள். அதே 2019இல் நம் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே எச்சரித்தது. அங்கே ஓட்டை நிரலில் இல்லை. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவர் கேட்கிறார், நாம் எனிடெஸ்க் எண்ணை வாசித்துக் காட்டுகிறோம். மறுதரப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்களாகக் கூப்பிட்ட ஆளுக்கு மட்டும் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தமிழ். இதை எந்தக் கையேடும் நமக்காக எழுதவில்லை.

வி.என்.சி.யின் அடிப்படை விதிகளில், ஒரு பக்கம் காப்பி செய்ததை மறுபக்கம் பேஸ்ட் செய்யும் வசதி லத்தீன்-1 எனப்படும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டும்தான். 2011இல் வெளியான ஆவணத்திலேயே, அதற்கு வெளியே உள்ள எழுத்துகளை அனுப்ப வழியில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் தமிழ்ப் பத்தியைக் காப்பி செய்து மறுபக்கம் ஒட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். எழுத்துரு இல்லை என்று நினைத்து எழுத்துருவை நிறுவிப் பயனில்லை. டைகர்விஎன்சி போன்ற சில நிரல்கள் யூனிகோடு அனுப்பும் நீட்சியை வைத்திருக்கின்றன. இரண்டு பக்கமும் அது தெரிந்த நிரலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைலாகச் சேமித்து அனுப்புவதே மேல். ஆர்.டி.பி.யில் இந்தத் தொல்லை இல்லை.

தட்டச்சு இன்னொரு விஷயம். ஆர்.டி.பி. வழக்கமாக எந்த விசை அழுத்தப்பட்டது என்பதைத்தான் அனுப்பும். அது எந்த எழுத்து என்று அந்தப் பக்கம் முடிவு செய்யும். ஆகவே தமிழ்99 விசைப்பலகை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும், உங்கள் பக்கத்தில் இருந்து பயனில்லை. வி.என்.சி. நேர்மாறு. உங்கள் பக்கம் முடிவு செய்த எழுத்தை அனுப்பும். தமிழ் எழுத்து வந்தால் அதை என்ன செய்வது என்று எல்லாச் சர்வர்களுக்கும் தெரியாது. சில விழுங்கிவிடும், சில வேறு எதையோ போடும். எதில் போனாலும் நான் சொல்லும் ஏற்பாடு ஒன்றுதான். உங்கள் பக்கத்துக் கீபோர்டை ஆங்கிலத்தில் வையுங்கள், தமிழை அந்தப் பக்கத்தில் இயக்குங்கள். மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போகிறவர்கள், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஆப் மெனுவில் கீபோர்டு முறை விசையை அனுப்பும் ஸ்கேன்கோடில் இருக்கிறதா, எழுத்தை அனுப்பும் யூனிகோடில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் தமிழைப் போட்டுவிட்டு, "அம்மா" என்று அடித்தால் என்னவோ வருகிறது என்று சொல்பவர்களுக்கு, ஒரு பக்கத்தை அணைத்தால் சரியாகிவிடும்.

ஒலி வராதது, பிரின்டர் தெரியாதது, ரெட்டினா திரையில் எழுத்து எறும்பாகத் தெரிவது, மானிட்டர் இல்லாத கணினிக்கு டம்மி பிளக் தேவையா என்பது இவற்றை எல்லாம் நான் தொடவில்லை. கேள்வி நேரத்துக்கு அரை மணி கொடுத்திருக்கிறார்கள். கேட்கும்போது இரண்டு பக்கத்திலும் என்ன இயங்குதளம், எந்தப் பதிப்பு, திரையில் என்ன செய்தி வந்தது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். முன்வரிசையில் கை தூக்கியிருக்கும் அம்மாவிலிருந்து தொடங்கலாம்.